கொப்புளிக்காத காலை

எங்கள் மாட்டுங்கா வீட்டில் பொழுது விடிவதே மாமியார் வாய் கொப்புளிக்கும் சத்தத்தில்தான்.

எடை குறைய நான் தினமும் வெந்நீரில் எலுமிச்சை பிழிந்து குடிப்பேன். குடித்த கையோடு பல்லும் தேய்ப்பேன். கொஞ்ச நாளில் காப்பிகூட வாயில் வைக்க முடியாதபடி பல் கூசியது. செம்பூரில் ஒரு பல் டாக்டரிடம் போனேன்.

"புளிப்பு பட்டா எனாமல் இளகிடும். அப்பவே தேய்ச்சா தேஞ்சு போயிடும். அரை மணி கழிச்சுத் தேயுங்கோ. பேஸ்ட்ல இருக்கற ஃப்ளோரைடுதான் எனாமலைக் கெட்டியாக்கறது. அது பல்லுல தங்கணும். அதனால துப்பினா போறும், தண்ணி விட்டு அலம்பாதீங்கோ" என்றார் அவர்.

மாமியாரிடம் சொன்னேன். முகம் சுளித்தார். "கொப்புளிக்காம, எச்சில் வாயோட அடுக்களைக்குள்ள வருவியா? நன்னாருக்கு!"

நான் விடவில்லை. சில வாரங்களில் கூச்சம் குறைந்தது.

ஒரு நாள் காலை அந்தச் சத்தமே கேட்கவில்லை. பதறி ஓடினேன். மாமியார் வாஷ்பேசின் முன்னால் வாயை இறுக மூடியபடி நின்றிருந்தார்.

"என்னம்மா ஆச்சு?"

"துப்பிட்டேன். அலம்பலை. காப்பி அப்புறமா குடிச்சுக்கறேன்" என்று கிசுகிசுத்தார். "எனக்கும் கூசறதுடி, ரொம்ப வருஷமா."

குல்ஃபி வாங்கும்போதெல்லாம் "எனக்குப் பிடிக்காது" என்று தன் பங்கை என்னிடம் நீட்டுபவர் அவர்.

போன ஞாயிற்றுக்கிழமை தன் குல்ஃபியைக் குச்சிவரை நக்கித் தீர்த்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். இத்தனை வருடமும் அவர் நீட்டியதை வாங்கித் தின்றேனே தவிர, ஏன் பிடிக்காது என்று ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.