கைகள் மட்டும் தெரியும் படங்கள்

எங்கள் இளைஞர் மன்றத்தில் ஒரு முழுநேர ஊழியரை வைத்துக்கொள்ள அரசாங்கம் சம்பளம் தரப்போகிறது என்று தெரிந்த அன்று யாரும் சந்தோஷப்பட்டதாக நினைவில்லை. செயலாளர் ஆணையை இரண்டு முறை படித்துவிட்டு, "இதுல என்ன வில்லங்கம் இருக்குதுன்னு தெரியலையே" என்றார். அவர் பீங்கான் ஃபியூஸ் கட்டைகளை மொத்தமாக விற்பவர். வாங்க வருகிறவர் பேரம் பேசாமல் போனால்கூட அன்று முழுவதும் யோசித்துக்கொண்டிருப்பார்.

மன்றம் விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையை ஒட்டிய தெருவில், இரண்டு அறைகளில் இருக்கிறது. ஒன்றில் கேரம் போர்டு. இன்னொன்றில் பெஞ்சுகளும் யாரோ நன்கொடையாகத் தந்த பழைய கம்ப்யூட்டர்களும். பட்டறை வேலை முடிந்த பையன்களும் பெண்களும் மாலையில் வருவார்கள். சிலர் அஞ்சல் வழியில் படிப்பவர்கள். சிலருக்கு வீட்டுக்குப் போவதற்குமுன் உட்கார ஓர் இடம் வேண்டும், அவ்வளவுதான். நான் ஒரு நாளிதழுக்கு வெகுகாலம் இந்த வட்டாரச் செய்தி அனுப்பியவன். அதிகாரிகளிடம் பேசத் தெரியும் என்று என்னை நிர்வாகக் குழுவில் சேர்த்திருந்தார்கள்.

அந்த வேலைக்கு நாங்கள் தேர்ந்தெடுத்தது ஏற்கெனவே சம்பளமில்லாமல் மாலை வகுப்பை நடத்திவந்த பெண்ணை. பகலில் ஒரு பட்டறையில், அச்சிலிருந்து எடுத்த பொம்மைகளின் ஓரங்களைச் சீவி ஈரப் பஞ்சால் துடைக்கும் வேலை செய்துகொண்டிருந்தார். முப்பது வயது இருக்கும். கணவர் இல்லை, ஒரு மகள் உண்டு. பட்டறை வேலையை விட்டுவிட்டு வந்தார். எல்லோரும் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள், அவரைவிட மூத்த செயலாளர் உட்பட. வேலை ஒரு வருடத்துக்கு. பிறகு ஆய்வு செய்து நீட்டிப்பார்கள்.

வில்லங்கம் முதல் வாரத்திலேயே தெரிந்தது. தினமும் மன்றத்தில் நடப்பதைச் செல்போனில் படம் எடுத்து, இடமும் நேரமும் படத்திலேயே பதிந்திருக்க, மாவட்ட அலுவலக வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டும். நிர்வாகிகள் நாங்களும் அதில் இருந்தோம். படம் இல்லையென்றால் அன்று வேலை நடக்கவில்லை என்று பொருள்.

அக்கா போனைத் தூக்கிய முதல் மாலை அறையில் பேச்சு நின்றது. கேரம் ஆடிக்கொண்டிருந்தவன் காயைக் கையிலேயே வைத்துக்கொண்டு கேட்டான்.

"இது எங்கக்கா போவும்?"

"கடலூர் ஆபீசுக்கு."

"அங்கேர்ந்து?"

அக்காவுக்கு அது தெரியாது. எனக்கும் தெரியாது.

"எங்க மொதலாளி கண்ணுல பட்டா, கூலி கேக்க ஆளு சேக்கறோம்னு நெனப்பாரு" என்றான் அவன்.

"நீ கேரம் ஆடறத பாத்தா யாருடா அப்படி நெனப்பாங்க? ஒரு காய்கூட போடல" என்றாள் ஒருத்தி. சிரித்தார்கள். ஆனால் சிரித்தவளும் துப்பட்டாவை முகத்துக்குக் குறுக்கே இழுத்துக்கொண்டாள்.

அதிகமாகப் பயந்தவள் மங்கலம்பேட்டையிலிருந்து வரும் பெண். கடைவீதியில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடுகிறாள். கடை முடிந்து பஸ்ஸுக்கு முன் கிடைக்கும் நேரத்தில் இங்கே கணக்கியல் படிக்கிறாள். வீட்டில் கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. படிப்பைப் பற்றி இன்னும் சொல்லவில்லை. "நான் மங்கலம்பேட்டைல எறங்கறதுக்குள்ள போட்டோ துபாய்ல எங்கத்தா கைக்குப் போயிடும்க்கா" என்றாள். அவள் அப்பாவுக்கு அங்கேதான் வேலை. அதை வேடிக்கையாகச் சொல்லவில்லை.

அக்கா கண்டுபிடித்த வழி, கைகளை மட்டும் எடுப்பது. கேரம் போர்டின்மேல் கைகள், கீபோர்டில் கைகள், பேனா பிடித்த கைகள். பட்டறைக் கைகளில் எவ்வளவு கழுவினாலும் நகக்கண்ணில் வெள்ளைக் களிமண் நிற்கும். குழுவில் அந்தப் படங்களைப் பார்த்தபோது எனக்குப் பழைய புத்தி வந்தது. ஒரே ரப்பர் வளையல், ஒரே தீக்காயத் தழும்பு திரும்பத் திரும்ப வருகின்றன. நாலு பேரை வைத்தே நாற்பது பேர் கணக்குக் காட்டுகிறாரோ? இந்த மாவட்டத்தில் இல்லாத ஆட்களுக்கு மதிய உணவு போட்ட பதிவேடுகளையெல்லாம் நான் பார்த்திருக்கிறேன். சில மாலைகள் சொல்லாமல் போய் உட்கார்ந்தேன். வளையலும் தழும்பும் இருந்தன, வேறு நிறைய கைகளும் இருந்தன. நான் எதற்கு வருகிறேன் என்பது அக்காவுக்குத் தெரிந்துதான் இருந்தது. டீ வாங்கிக் கொடுத்தார்.

அதே சந்தேகம் அலுவலகத்துக்கும் வந்தது. ஆய்வுக்கு வருவதாகத் தகவல் சொன்னார்கள். நேரம், காலை பதினொரு மணி. அந்த நேரத்தில் எங்கள் பிள்ளைகள் எல்லோரும் பட்டறையில் இருப்பார்கள். அன்று சூளையைப் பிரித்துச் சுட்ட சாமான்களை இறக்கும் நாள் வேறு. சூளை பிரிக்கும் நாளில் லீவு கேட்டால் மறுநாள் வர வேண்டாம் என்றுவிடுவார்கள். சாயங்காலம் வரச் சொல்லிப் பார்க்கலாம் என்றார் அக்கா. செயலாளர் சரி என்று தலையாட்டினார்.

ஆய்வன்று காலை நான் போனபோது பெஞ்சுகள் நிறைந்திருந்தன. ஒரு முகமும் எனக்குத் தெரியவில்லை. பெண்ணாடத்தில் செயலாளருக்கு உறவுகள் அதிகம். அங்கிருந்து கல்லூரிப் பையன்களை ஒரு வேனில் வரவழைத்திருந்தார். இஸ்திரி போட்ட சட்டைகள். அக்கா சுவரோரமாக நின்றார்.

"யாருங்க இவங்க?" என்று செயலாளரிடம் மெதுவாகக் கேட்டார்.

"உங்க வேலைக்காகத்தாம்மா. சும்மா இருங்க."

அதிகாரி நிதானமானவர். குரலை உயர்த்தவே இல்லை. முதல் பெஞ்சில் இருந்தவனிடம், "தம்பி, கைய நீட்டு" என்றார். அவன் நீட்டினான். திருப்பிப் பார்த்தார். பக்கத்தில் இருந்தவன் கையையும் பார்த்தார். பிறகு தன் போனில் எங்கள் படங்களைத் தள்ளிக்கொண்டே போனார்.

"இந்தக் கையெல்லாம் போட்டோல இல்லையேம்மா" என்றார் அக்காவிடம்.

"இல்லைங்க சார். இவங்க இங்க வரவங்க இல்ல. நம்ம புள்ளைங்க வேலைல இருக்காங்க. சாயங்காலம் வந்தா பாக்கலாம்."

"அப்ப இவங்கள யாரு கூட்டியாந்தது?"

செயலாளர் ஜன்னலைப் பார்த்தார். நான்தான் சொன்னேன். அதிகாரி காதில் வாங்கிக்கொண்டார். நான் சொன்னதை நம்பினாரா என்று தெரியவில்லை. சாயங்காலம்வரை இருக்க அவருக்கு நேரமும் இல்லை. பத்து நாள் கழித்து அலுவலகத்திலிருந்து சொன்னார்கள்: இனி படங்களில் முகம் தெரிய வேண்டும். அந்த எண்ணிக்கையை வைத்துத்தான் நீட்டிப்பு.

அன்று மாலை அக்கா அதை அறையில் அப்படியே சொன்னார். எதையும் பூசி மெழுகவில்லை.

"அப்ப எங்க மூஞ்சிய வச்சுதான் உங்களுக்குச் சம்பளமா?" என்று கேட்டான் கேரம் பையன்.

"ஆமாம்."

"முன்னாடி சும்மாதான வந்தீங்க?"

"முன்னாடி பகல்ல பட்டறைக்குப் போனேன். இப்ப எம் பொண்ணுக்கு இந்தச் சம்பளத்துலதான் சோறு."

மறுநாள் பாதிப் பேர் வரவில்லை. ரப்பர் வளையல் வந்தது. தழும்பு வரவில்லை. மங்கலம்பேட்டைப் பெண்ணும் வரவில்லை. வந்தவர்கள் போட்டோ ஸ்டுடியோவில் நிற்பதுபோல் விறைப்பாக முகத்தைக் காட்டினார்கள். குழுவில் படம் போனது. எண்ணிக்கை விழுந்தது. அக்காவின் வேலை போய்விடும் என்று நான் முடிவு செய்துவிட்டேன்.

இரண்டு வாரம் கழித்து ஒரு மாலை, மருந்துக்கடைக்குப் போன வழியில் மன்றத்தைத் தாண்டினேன். அக்கா படம் எடுக்கும் நேரம் ஆறு மணி. அப்போது ஆறரை இருக்கும். வாசலில் செருப்புகள் குழுவில் வந்த படத்துக்கு ஒத்துவரவில்லை, அதிகமாக இருந்தன. உள்ளே எட்டிப் பார்த்தேன். கேரம் பையன் ஆடிக்கொண்டிருந்தான். மங்கலம்பேட்டைப் பெண் கம்ப்யூட்டர் முன்னால் இருந்தாள். அக்காவின் போன் ஜன்னல் மேடையில் கவிழ்ந்து கிடந்தது.

"பஸ்ஸு?" என்று அவளிடம் கேட்டேன்.

"அடுத்த பஸ்ல போறேங்க. கடைல கூட்டம்னு சொல்லிக்குவேன்."

நான் பார்த்த பதிவேடுகளில் எல்லாம் ஆட்களைவிடப் பெயர்கள் அதிகமாக இருக்கும். ஆட்கள் அதிகமாகவும் கணக்குக் குறைவாகவும் இருந்ததை அன்றுதான் பார்த்தேன். "இவங்களையும் சேத்து அனுப்பினா உங்களுக்கு நீட்டிப்பு கெடைக்கும்" என்று அக்காவிடம் சொன்னேன். "கெடைக்கும். அப்புறம் இவங்க வரமாட்டாங்க" என்றார்.

அந்த வாரம் அலுவலகத்திலிருந்து போன் வந்தது. நான் பக்கத்தில் இருந்தேன். ஆள் குறைந்துவிட்டதே, என்னம்மா செய்கிறீர்கள் என்று கேட்டிருக்க வேண்டும்.

"ஆமாங்க சார். கொறஞ்சிருக்குது" என்றார் அக்கா. அவ்வளவோடு போனை வைத்தார்.

வருடம் முடிந்தபோது நீட்டிப்பு ஆறு மாதத்துக்கு மட்டும் வந்தது. செயலாளர் அதையும் இரண்டு முறை படித்தார். குறைந்த எண்ணிக்கைக்கு எதற்காக ஆறு மாதம் கொடுத்தார்கள் என்பது அவருக்குப் பிடிபடவில்லை. அக்கா ஆணையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். மணி ஆறாகியிருந்தது. வந்திருந்தவர்களைப் பெஞ்சில் நெருங்கி உட்காரச் சொல்லி, போனைத் தூக்கினார். எதிர்ப் பெட்டிக்கடையின் கூரை நிழலில் நாலைந்து பேர் சும்மா நிற்பதுபோல நின்றுகொண்டிருந்தார்கள்.