மூன்று மின்நூல் முடித்தவன்

மூணாறில் எங்கள் தோட்டத்து லயத்து வரிசை வீடுகளில் யாருக்குப் பஞ்சாயத்திலிருந்து மலையாளத்தில் கடிதம் வந்தாலும் என்னிடம்தான் கொண்டு வருவார்கள். தேயிலைத் தொழிற்சாலை சூப்பர்வைசரான எனக்கு மலையாளம் வாசிக்கத் தெரியாது என்று யார் நினைப்பார்கள்? பேச்சு சரளமாக வரும்; படித்ததெல்லாம் தமிழ் மீடியம். "கண்ணாடி எடுத்துட்டு வாரேன்" என்று கடிதத்தோடு அடுப்படிக்குள் போவேன். மலையாள மீடியத்தில் படித்த என் மனைவி தணிந்த குரலில் வாசித்துச் சொல்வாள். வெளியே வந்து, நானே வாசித்த தோரணையில் விளக்குவேன். வெட்கக்கேடு.

அலுத்துப்போய் ஒருநாள் மூன்று மலையாள நாவல்களை மின்நூலாக வாங்கிப் போனில் இறக்கினேன். தெரியாத சொல்லின்மேல் விரலை அழுத்திப் பிடித்தால் போன் அதை வாசித்துக் காட்டும். முதலில் பக்கத்துக்குப் பத்துச் சொல்லை அழுத்தினேன். போகப்போக எல்லாச் சொல்லையும் அழுத்தினேன். அப்படியே மூன்றையும் முடித்துவிட்டு, இனி அடுப்படிக்குப் போகத் தேவையில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

மனைவி ஊருக்குப் போயிருந்தபோது பக்கத்து வீட்டுப் பெண் ஒரு கடிதத்தோடு வந்தாள். வாசலிலேயே நின்று தைரியமாகத் தொடங்கினேன். முதல் வரியிலேயே ஒரு சொல் பிடிபடவில்லை. அதன்மேல் கட்டைவிரலை அழுத்திப் பிடித்துக்கொண்டு, அது பேசும் என்று காத்திருந்தேன்.

அவள் என் விரலையே பார்த்தாள். பிறகு கடிதத்தை மெதுவாக உருவி மடித்துக்கொண்டாள்.

"பரவால்லண்ணே, மதினி வரட்டும். எப்பவும் அவுகதான வாசிச்சுத் தாராக."