சாந்தினியின் முகம் சிவந்தபோது

வசந்தனுக்குப் பொறாமை வந்தது கோயில் பஜனையில்தான். மலேசியாவின் ஜொகூர் பாருவில் பேருந்து ஓட்டும் அவன், அதுவரை மனைவியைச் சந்தேகித்ததே இல்லை. வெள்ளிக்கிழமைகளில் சாந்தினி பாடுவாள். ஆர்மோனியம் வாசிப்பவர் யுகேந்திரன், மனைவியை இழந்தவர், சிரித்த முகம். ஒருநாள் பாட்டு முடிந்து அவர் ஏதோ பாராட்ட, சாந்தினியின் முகமும் கழுத்தும் குப்பென்று சிவந்தன. கல்யாணமான புதிதில்கூடத் தன்னிடம் அவள் அப்படிச் சிவந்ததில்லை என்று வசந்தனுக்குத் தோன்றியது.

அன்றிலிருந்து அவள் முகத்தின் மேலேயே கண். ஒரு கல்யாண விருந்தில் சிவந்தாள். அங்கே யுகேந்திரனும் இருந்தார். வீட்டில் தனியாகக் காரமான மிளகாய்ச் சம்பல் சாப்பிடும்போதும் சிவந்தாள். அவரை நினைத்துக்கொள்கிறாள் என்று இவன் பல்லைக் கடித்தான்.

அவளுக்கு அடிக்கடி வயிற்றுப்போக்கு. கிளினிக்கில் குடல் கோளாறு என்றார்கள். உடம்பு சூடாகிறது என்றதற்கு, மாதவிடாய் நிற்கும் வயது என்றார்கள். இளைத்துக்கொண்டே போனாள்.

"யாருக்காக உடம்பக் குறைக்கிற?" என்று கேட்டேவிட்டான்.

"என்னங்க பேச்சு இது?" என்றாள் புரியாமல்.

ஒருவழியாக ஸ்கேன் எடுத்தபோது ஈரலில் கட்டிகள் தெரிந்தன. பெரிய மருத்துவமனையில் டாக்டர் சுபத்திரா கேட்டார்: "முகம் திடீர்னு சிவக்குமா?"

"கவனிக்கல டாக்டர்," என்றாள் சாந்தினி.

"மூணு வருஷமா சிவக்குது," என்றான் வசந்தன். பஜனை, விருந்து, சம்பல் என்று ஒவ்வொன்றாகக் கொட்டினான். "கொஞ்ச நேரத்துல மறைஞ்சிரும்."

"இவ்ளோ கவனிக்கிற புருஷன நான் பாத்ததில்ல," என்றார் டாக்டர்.

சாந்தினி மெல்லத் திரும்பி அவனைப் பார்த்தாள்.

சிறுகுடலில் தோன்றி ஈரலுக்குப் பரவிய நியூரோஎண்டோகிரைன் கட்டி, ஒருவகைப் புற்றுநோய். அது இரத்தத்தில் கலக்கும் சுரப்புதான் முகத்தைச் சிவக்க வைத்தது. "அரிதான வகைம்மா. மெதுவா வளரும், அதனால நெறைய பேருக்குப் பரவுன பிறகுதான் தெரியவரும். முழுசா போகாது. ஆனா பல வருஷம் கட்டுக்குள்ள வச்சிருக்கலாம்," என்றார் டாக்டர்.

காரில் ஏறியதும் சாந்தினி கேட்டாள்: "யுகேந்திரன் அண்ணனையா நெனச்சீங்க?"

அவன் வண்டியைக் கிளப்பினான்.

"மொகம் செவக்குதுடின்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா, அப்பவே டாக்டர்கிட்ட சொல்லியிருப்பேன்லா."

குடலில் ஒரு பகுதியை வெட்டி எடுத்தார்கள். மாதந்தோறும் ஊசி. பல நாள் அவள் அவனோடு பேசவில்லை. ஊசிக்கு மட்டும் அவன் வண்டியில் ஏறிக்கொண்டாள். ஆறு வருடமாகிறது. கட்டிகள் இருக்கின்றன, வளரவில்லை. வெள்ளிக்கிழமை பாடுகிறாள்.

யுகேந்திரன் சொன்னதற்கு அவள் சிரித்தால் வசந்தனுக்கு இன்னும் சுருக்கென்கிறது. ஆனால் இப்போதெல்லாம் வீட்டுக்கு வந்ததும் அதைச் சொல்லிவிடுகிறான்.

"பைத்தியம்," என்று சொல்லிவிட்டு அவள் சோறு போடப் போகிறாள்.