பீஜிக்குப் போன கப்பல்

தொண்ணூறுகளின் நடுவில் கனடாவின் ஸ்காபரோவில் பிளாஸ்டிக் மூடிகள் செய்யும் தொழிற்சாலையில் வேலை செய்தேன். ஊரில் சரித்திர ஆசிரியராக இருந்தவன் என்பதை முதல் நாளே எல்லோருக்கும் சொல்லிவிட்டேன். யாரும் கேட்டிருக்கவில்லை.

எனக்கு எதிரே நின்று மூடிகளைப் பெட்டியில் அடுக்குகிற பெண் பீஜித் தீவில் பிறந்தவர். பெயர் மட்டும் தமிழ். நாலைந்து சொற்களுக்கு மேல் தமிழ் வராது. இவரைத் திருத்துவது என் கடமை என்று அன்றே தீர்மானித்தேன்.

அந்த மாதம் ஒரு சங்கத்தில் கடல் கடந்த தமிழரைப் பற்றிப் பேச என்னை அழைத்திருந்தார்கள். அவரையும் கூட்டிக்கொண்டு போனேன். ஒரு மணி நேரம் சோழரின் கப்பல்களை ஓட்டினேன். பசிபிக் பக்கமும் ஒன்றிரண்டை அனுப்பிவைத்தேன். அதற்கு என்னிடம் எந்த ஆதாரமும் இல்லை.

கேள்வி நேரத்தில் அவர் எழுந்து ஆங்கிலத்தில் பேசினார். நான்தான் மொழிபெயர்க்க வேண்டியதாயிற்று. பீஜியை வெள்ளைக்காரர் ஆண்ட காலத்தில் அவருடைய தகப்பனின் தகப்பன் மதராஸில் கப்பலேறினாராம். தீவு பக்கத்தில்தான் என்று ஆள்பிடிக்க வந்தவன் சொன்னானாம். கரும்புத் தோட்டத்தில் ஐந்து வருட ஒப்பந்தம். கொடுத்த வேலையை முடிக்காத நாளுக்குக் கூலி இல்லை, அடியும் விழும். ‘அக்ரிமென்ட்’ என்பது வாயில் நுழையாமல் ‘கிர்மிட்’ என்றார்களாம். இதில் ஒரு வரிகூட எனக்குத் தெரியாது. ஆனாலும் எல்லாம் படித்தவன்போலத் தலையை ஆட்டி ஆட்டி மொழிபெயர்த்தேன்.

முன்வரிசையில் இருந்த ஓர் அன்ரி, “பேப்பரை வாசிச்சுப் பாக்காமலோ கைநாட்டு வைச்சவர்?” என்று கேட்டார்.

அவருக்கு வாசிக்கத் தெரியாது என்றார் அந்தப் பெண். பிறகு, நீங்கள் கனடாவுக்கு வந்தபோது எல்லாவற்றையும் வாசித்துத்தான் கையெழுத்து வைத்தீர்களா என்று மெதுவாகக் கேட்டார். அதையும் மொழிபெயர்த்தேன். என் அகதி விண்ணப்பத்தில் வக்கீல் பென்சிலால் புள்ளடி போட்ட இடமெல்லாம் நான் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்திட்டது நினைவுக்கு வந்தது. எனக்கு வாசிக்கத் தெரியும்.

தேநீர் நேரம் எல்லோரும் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். சங்கச் செயலாளர் என்னிடம் வந்தார்.

“அண்ணை, அடுத்த மாசமும் அவவே பேசட்டும். நீங்கள் மொழிபெயர்த்தாக் காணும்.”

“ஓம்” என்றேன். வேறென்ன சொல்ல?

திங்கட்கிழமை மதியம் ஒரு கொப்பியும் பேனாவுமாகப் போய் அவர் முன்னால் உட்கார்ந்தேன். முதல் கேள்வியே, பீஜி உண்மையில் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதுதான். அவர் சிரிக்காமல் கொப்பியை வாங்கி, அவுஸ்திரேலியாவை வரையத் தொடங்கினார்.