அப்பாவின் ஹெல்மெட்டும் ஏட்டு மாமாவும்

அப்பாவின் ஹெல்மெட் தலையில் மாட்டுவதற்காக வாங்கியதுதான். ஆனால் வாங்கிய ஒரே வாரத்தில் அது ஏலக்காய்க் கூடையாகிவிட்டது. அப்பாவுக்கு ஏலக்காய்த் தரகு. தோட்டக்காரர்கள் கொடுக்கும் சாம்பிளைச் சின்னச் சின்னக் காகிதப் பொட்டலங்களாகக் கட்டி, தினமும் தேனியிலிருந்து போடிக்குக் கொண்டுபோய் வியாபாரிகளிடம் காட்டி விலை பேசுவார். பையில் வைத்தால் காய் நசுங்குகிறதாம். அதனால் ஹெல்மெட்டுக்குள் பொட்டலங்களை அடுக்கி, அதை வண்டியின் ஹேண்டில்பாரில் தொங்கவிட்டுக்கொள்வார். அம்மா கேட்டால், "இந்தா இருக்க போடிக்குப் போக இதெல்லாம் எதுக்கு" என்பார். பதினைந்து கிலோமீட்டர் அவருக்கு இந்தா இருக்கிற தூரம். இன்றைக்கும் யார் வீட்டுப் பாயசத்திலாவது ஏலக்காய் மணத்தால் எனக்கு அந்தக் கறுப்பு ஹெல்மெட்தான் ஞாபகம் வருகிறது.

எங்கள் வீட்டு மாடியில் போக்குவரத்துப் போலீஸ் ஏட்டு ஒருவர் குடியிருந்தார். அவர் மகளும் நானும் நாலாம் வகுப்பில் ஒரே பெஞ்சு, ஒரே டிபன் டப்பா, ஒரே சண்டை. அந்த உரிமையில் அவர் எனக்கு ஏட்டு மாமா. சொந்த மச்சினனையே நடுரோட்டில் நிறுத்தி ரசீது எழுதியவர் என்று தெருவில் அவரைப் பற்றி ஒரு கதை உண்டு. பாதிப் பேர் அதை மெச்சிச் சொல்வார்கள், பாதிப் பேர் திட்டிச் சொல்வார்கள். அவர் மனைவி மட்டும் எதுவும் சொல்லமாட்டார். அந்த மச்சினன் அவருடைய தம்பி.

ஆனாலும் குடியிருப்பவர் வீட்டுக்காரரைப் பிடிக்கமாட்டார் என்பது அப்பாவின் நம்பிக்கை. அதைச் சோதித்துப் பார்க்கவும் வழியில்லை. ஏட்டு மாமாவுக்கு எப்போதும் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம்தான் டூட்டி. அப்பா போடிக்கு ரோடு பிரிகிற போடி விலக்கு வழியாகப் போய்விடுவார்.

ஒருநாள் சாயங்காலம் விளையாட மாடிக்குப் போனேன். குழாயடியில் ஒரு வாளியில் ஏட்டு மாமாவின் வெள்ளைச் சட்டை ஊறிக்கொண்டிருந்தது. வழக்கமாக அந்த வாளியில் நீலம் கரைந்திருக்கும். அன்றைக்குத் தண்ணீர் சிவப்பாக இருந்தது. ஏட்டு மாமாவின் மனைவி குழாயைத் திறந்துவிட்டு அலசிக்கொண்டே இருந்தார். "பைக்ல போனவரு. எங்க அப்பாதான் தூக்குனாகளாம். ஹெல்மெட்டு வண்டியில தொங்குச்சாம்" என்றாள் என் சிநேகிதி. தொட்டித் தண்ணீர் முழுக்கத் தீர்ந்துபோனதற்காக அப்பா கீழேயிருந்து சத்தம் போட்டார். மோட்டார் போடுவது யார், கரண்டு பில் கட்டுவது யார் என்று அரை மணி நேரம்.

அன்று ராத்திரி அப்பாவின் வண்டியில் தொங்கிய ஹெல்மெட்டைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். மறுநாள் காலையில் ஏட்டு மாமா மாடிப்படியில் உட்கார்ந்து பூட்ஸுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தபோது போய் நின்றேன்.

"மாமா, எங்கப்பாவ ஒரு தடவ பிடிங்களேன்."

"எதுக்குத்தா?"

"ஹெல்மெட்டப் போட மாட்டேங்குறாக."

அவர் பிரஷ்ஷைக் கீழே வைத்தார். "போடி விலக்குல எனக்கு டூட்டி இல்லையேத்தா. அதுவும் போக, உங்கப்பா என் மேல வருத்தப்படுவாகளே."

"நாஞ் சொன்னேன்னு மட்டும் சொல்லக்கூடாது" என்று கையை நீட்டினேன். அவர் விரலில் ஒட்டியிருந்த பாலிஷைத் துணியில் துடைத்துவிட்டு என் உள்ளங்கையில் அடித்துச் சத்தியம் செய்தார்.

அடுத்த சனிக்கிழமை அப்பா என்னைப் போடியில் இருக்கும் அத்தை வீட்டில் விடுவதற்காக வண்டியில் கூட்டிப்போனார். போடி விலக்கில் ஏட்டு மாமா நின்றிருந்தார். எங்களுக்கு முன்னால் மூன்று வண்டிகள் போயின. ஒருவர் தலையிலும் ஹெல்மெட் இல்லை. அதில் ஒன்றில் மூன்று பேர். பஸ்ஸுக்குக் காத்திருப்பவர் ஆட்டோவைக் கண்டுகொள்ளாத மாதிரி அவர் அவர்களை விட்டுவிட்டார். அப்பா அவரைப் பார்த்ததும் சிரித்தபடி கையை உயர்த்தினார். ஏட்டு மாமா விசில் ஊதி எங்களை ஓரங்கட்டச் சொன்னார்.

"ஹெல்மெட்ட மாட்டுங்கண்ணே."

"உள்ள சாம்பிள் இருக்கு ஏட்டையா."

"எடுத்து வச்சிட்டு மாட்டுங்க."

பின்னால் நின்ற பஸ்ஸின் ஜன்னலெல்லாம் தலைகள். அப்பாவுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "தலையிலதான மாட்டணும்? இந்தா" என்று ஹெல்மெட்டை அப்படியே கவிழ்த்து மாட்டினார். பொட்டலங்கள் பிரிந்து அத்தனை ஏலக்காயும் அவர் காது வழியாக, கழுத்து வழியாக, சட்டைக் காலருக்குள் கொட்டின. பஸ்ஸில் இருந்தவர்கள் சிரித்தார்கள். சொன்னால் வெட்கம், எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஏட்டு மாமா சிரிக்கவில்லை. குனிந்து, பெரிய காய் வேறு சின்னக் காய் வேறாகப் பொறுக்கிக் கொடுத்தார். அப்பா வாங்க மறுத்துவிட்டார். ரசீதை மட்டும் வாங்கிக்கொண்டு வண்டியை வீட்டுக்குத் திருப்பினார். நாலு தோட்டக்காரர்களுக்கு அன்று அவரால் விலை பேசிக் கொடுக்க முடியவில்லை.

தண்ணீர்த் தொட்டிச் சண்டைக்குத்தான் பழி தீர்த்துவிட்டார் என்று அப்பா முடிவுகட்டினார். அன்று சாயங்காலமே ஏட்டு மாமாவை வாசலில் நிறுத்திக் கேட்டார். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன்.

"எனக்கு முன்னால மூணு வண்டி போச்சு. என்னைய மட்டும் நிப்பாட்டுனீக. இல்லன்னு சொல்லுங்க பாப்பம்."

"நிப்பாட்டுனது நெசந்தேன். உங்க வண்டிக்காகத்தேன் அங்கன நின்னேன்."

"ஏன்?"

ஏட்டு மாமாவுக்கு நான் நிற்பது தெரிந்திருக்க வேண்டும். கதவின் பக்கம் அவர் பார்க்கவே இல்லை. "தப்புத்தேன்ணே" என்றார், அவ்வளவுதான். ஒரு மாதத்தில் வீட்டைக் காலி செய்யும்படி அப்பா சொல்லிவிட்டார்.

அந்த ஒரு மாதமும் எனக்கு வாய் இருந்தது. ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று தெரியும். சொல்லவில்லை. அப்பா அடிப்பார் என்ற பயம் பாதி. மீதி, ஏட்டு மாமா மேல் எனக்கே இருந்த கோபம். நான் நிறுத்தத்தானே சொன்னேன், பஸ்ஸுக்கு முன்னால் நிறுத்து என்றா சொன்னேன், ரசீது எழுதச் சொன்னேனா என்று எனக்குள் வழக்காடிக்கொண்டிருந்தேன். சாமான் ஏற்றிய குட்டியானை வண்டியில் என் சிநேகிதி தண்ணீர்க் குடத்தைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எங்கள் வீட்டைப் பார்க்கவே இல்லை. அவள் அப்பா பாரபட்சம் பார்த்தது வாழ்நாளில் ஒரே ஒரு தடவைதான். அது எனக்காக. அது அவளுக்கும் தெரியாது. அந்த வருடத்தோடு அவள் வேறு பள்ளிக்கூடம் போய்விட்டாள். இப்போது நினைத்தாலும் அந்தக் குடத்தைச் சுற்றியிருந்த அவள் கைகள்தான் தெரிகின்றன.

அதற்குப் பிறகு அப்பா ஹெல்மெட் இல்லாமல் வண்டியை எடுத்ததே இல்லை. உயிர் மேல் ஆசை வந்து அல்ல, ரோஷம். அந்த ஆள் முன்னால் இன்னொரு தடவை நிற்கக்கூடாது. சாம்பிள் பொட்டலங்களுக்கு அம்மா ஒரு எவர்சில்வர் தூக்கைக் கொடுத்துவிட்டார்.

ஏட்டு மாமாவுக்கு அதன் பிறகு போடி விலக்கிலேயே டூட்டி போட்டுவிட்டார்கள். அத்தை வீட்டுக்குப் போகும் சனிக்கிழமைகளில் நான் அவரைப் பார்ப்பேன். விலக்கு நெருங்கியதும் அப்பா ஹெல்மெட் வாரை இன்னொரு தடவை இழுத்துவிட்டுக்கொள்வார், கண்ணாடியை இறக்கிவிடுவார், முகத்தைத் திருப்பிக்கொள்வார். ஏட்டு மாமா எங்கள் வண்டியைத் தூரத்திலேயே கண்டுபிடித்துவிடுவார். கம்பம் ரோட்டிலிருந்து வரும் லாரியையும் பஸ்ஸையும் கைகாட்டி நிறுத்திவிட்டு எங்களை முதலில் போகவிடுவார். "பாத்தியா, பயம்" என்பார் அப்பா, ஹெல்மெட்டுக்குள்ளிருந்து.

நான் பின்சீட்டிலிருந்து கழுத்தைத் திருப்பி, விலக்கு மறையும்வரை அவரையே பார்த்துக்கொண்டு போவேன். ஒரு தடவையாவது என்னைப் பார்த்துச் சிரிப்பார், ஒரு சின்ன ஜாடையாவது காட்டுவார் என்று இருக்கும். அவர் என் பக்கம் திரும்பியதே இல்லை. படிக்கட்டில் உட்கார்ந்து என் கையில் அடித்துச் செய்த சத்தியத்தைக்கூட மனுசன் மறந்துபோய்விட்டார் என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டேன்.