கரகம் பாலித்த இடம்

நேரில் கண்டவை, காதால் கேட்டுக் குறிப்பேட்டில் எழுதியவை, இன்னொருவரிடம் கேட்டு உறுதிசெய்துகொண்டவை ஆகியவற்றை மட்டுமே இங்கே எழுதுகிறேன். ஐயமுள்ள இடங்களை ஊகத்தால் நிரப்பவில்லை. இந்தக் கட்டுப்பாட்டுக்கு ஒரு காரணம் உண்டு. இலங்கை மலையகத்தில் அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தோட்டமொன்றில், தொழிலாளர் வீடுகள் பன்னிரண்டு ஒரே வரிசையாக ஒட்டி நிற்கும் ஒரு லயத்துக்கு மேலே, தேயிலைச் சரிவில் ஒரு வெடிப்பு விழுந்திருக்கிறது. அந்தப் பன்னிரண்டு குடும்பங்களும் அங்கேயே குடியிருக்கலாமா, எழும்பி வேறிடம் போக வேண்டுமா என்று ஆராய வந்தவருக்கு மொழிபெயர்த்தவள் நான். ஒரு விடையில் பாதியை நான் அவரிடம் சொல்லவில்லை. பொய் சொல்லவில்லை, தேவையற்றது என்று நானே தீர்மானித்துச் சுருக்கினேன். அன்றிலிருந்து எந்த வரியையும் இருமுறை சரிபாராமல் என் கை தாண்டுவதில்லை. தோட்டத்தின் பெயரையும் ஆட்களின் பெயர்களையும் விட்டதற்குக் காரணம் வேறு. அவற்றை எழுதும் அனுமதியை நான் கேட்கவில்லை.

ஹட்டனில் ஒரு பாடசாலையில் தமிழ் கற்பிக்கிறேன். விடுமுறை நாள்களில், தமிழறியாத ஆய்வாளர்களுடன் தோட்டங்களுக்குப் போய் மொழிபெயர்ப்பேன்; தமிழறிந்தவர்களுக்கு ஒலிப்பதிவுகளை எழுத்தாக்கிக் கொடுப்பேன். அந்த லயத்துக்கு மட்டும் ஐந்தாண்டுகளில் ஏழு பேருடன் போயிருக்கிறேன். ஏழு துறைகளும் ஒரே லயத்தைத் தேர்ந்ததற்கு ஆழ்ந்த காரணம் எதுவும் இல்லை. பேருந்து நிற்கும் இடத்திலிருந்து மூச்சு வாங்காமல் நடந்துபோகக்கூடிய லயம் அது ஒன்றுதான்.

ஒருவர் ஓடைக்கற்களைப் புரட்டித் தவளை தேடினார். ஒருவர் பெண்களின் விரலில் ஊசி குத்தி இரத்தத்தில் இரும்புச்சத்து பார்த்தார். அவரே பீலித் தண்ணீரையும் புட்டிகளில் பிடித்துப் போனார். மலையிலிருந்து வரும் ஊற்றுநீர் குழாய் வழியே விழுகிற இடத்தைத்தான் தோட்டத்தில் பீலி என்பார்கள். மொழியியல் படித்த ஒரு பெண் ஒரே சொல்லைப் பத்துப் பேர் வாயால் சொல்லக் கேட்டுப் பதிந்தார். மனநிறைவை ஒன்றிலிருந்து ஐந்து வரை எண்ணால் சொல்லும்படி கேட்டவரும் உண்டு. கோயில் சடங்குகளைப் பற்றிய பேச்சுகளைப் பதிந்துகொண்ட நாட்டார் வழக்கு ஆய்வாளர் ஒருவரும் உண்டு.

ஐந்தாம் வீட்டுப் பெண்ணிடம்தான் எல்லோரும் முதலில் போவார்கள். நாற்பதைக் கடந்தவர், கொழுந்து பறிப்பவர், யாரிடமும் பேசத் தயங்காதவர்.

"ஒண்ணா அஞ்சான்னு இப்பக் கேட்டா எப்புடிங்க? மழ இல்லாத அன்னைக்கி வந்து கேளுங்க, அஞ்சே போட்டுக்கலாம்" என்று அந்த மனநிறைவுக்காரரிடம் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பினார். "டீச்சர், போன வருசம் வந்தவரு ரத்தத்த எடுத்தாரு. அதுக்கு முன்ன வந்தவரு தவளையப் புடிச்சிட்டுப் போனாரு. இவரு மனசக் கேக்குறாரு. அடுத்து வர்றவங்களுக்குன்னு எங்ககிட்ட என்னதான் மிச்சமிருக்கு?"

இத்தனை துறைகளுக்கிடையே நின்று நான் ஒரு திறமையை வளர்த்துக்கொண்டிருந்தேன். தவளை ஆராய்பவருக்குக் கதை வேண்டாம். கண்ட இடமும் மாதமும் போதும். மனநிறைவை அளப்பவருக்கு எண் போதும். நாட்டார் வழக்கு ஆய்வாளருக்கோ, பேசுகிறவர் இடையில் இருமியதுகூட வேண்டும். ஒரே செய்தியை இருவர் இருவிதமாகச் சொன்னால், தவளைக்காரர் இரண்டையும் தள்ளிவிடுவார், இவர் இரண்டையும் பொன்போல எடுத்து வைப்பார். எது சான்று என்பதே ஒவ்வொரு துறையிலும் வேறு. விடை வரும்போதே, இது யாருக்கு உரியது என்று தரம் பிரித்து, உரியதை மட்டும் பெயர்ப்பது எனக்குப் பழகிவிட்டது. அதைக் கைத்திறன் என்றே எண்ணியிருந்தேன்.

மண்சரிவை ஆராயும் பெண்மணி வந்தது ஒரு சித்திரை விடுமுறையில். சிங்களவர், பல்கலைக்கழகமொன்றில் விரிவுரையாளர். வெடிப்பின் நீளத்தை அளந்தார். லயத்துச் சுவர்களைத் தட்டிப் பார்த்தார். கதவுகளைத் திறந்து மூடினார். ஐந்தாம் வீட்டு வாசலில் நின்று, மழை பெய்யும்போது மேலிருந்து நீர் எவ்வழியாக இறங்குகிறது என்று கேட்கச் சொன்னார். கேட்டேன்.

"காண் வழியாத்தாங்க எறங்குது" என்று லயத்தின் பின்னால் ஓடும் வடிகாலைக் காட்டினார் அந்தப் பெண். "முன்ன மாதிரி மேப்பீலியில இப்பக் கரகம் பாலிக்கிறதில்லங்க. அம்மா கீழ எறங்கிட்டா. இப்பக் கீழ ஊத்துலதான் பாலிக்கிறோம்."

மாரியம்மன் திருவிழாவின்போது ஊற்றங்கரையில் குடத்தில் நீர் நிறைத்து, பூவும் வேப்பிலையும் சுற்றிக் கரகம் கட்டிக் கோயிலுக்கு எடுத்து வருவார்கள். அதைத்தான் கரகம் பாலித்தல் என்பது. அதற்கு முந்திய மாதம் முழுவதும் இதே செய்தியைத்தான் நாட்டார் வழக்கு ஆய்வாளர் தோண்டிக்கொண்டிருந்தார். ஆகவே, காதில் விழுந்தவுடனேயே அதை அவர் துறையில் சேர்த்துவிட்டேன். விரிவுரையாளரிடம், "வடிகால் வழியாக இறங்குகிறதாம்" என்று சிங்களத்தில் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போனார்.

மூன்று வாரம் கழித்து, வீட்டில் நாட்டார் வழக்கு ஆய்வாளரின் ஒலிப்பதிவை எழுத்தாக்கிக்கொண்டிருந்தேன். அதே பெண்ணின் குரல். மேற்பீலி வற்றிப்போனதையும், லயத்துக்குக் கீழே புதிதாக ஓர் ஊற்று வந்ததையும் சொல்லிக்கொண்டு போனார். "மொதல்ல சேத்துத் தண்ணியா வந்திச்சு, பொறகுதான் தெளிஞ்சிச்சு" என்ற இடத்தில் என் பேனா நின்றது. இரத்தம் எடுத்தவர், கலங்கலாக இருக்கிறது என்று ஒரு புட்டித் தண்ணீரைக் கொட்டிவிட்டு வேறு பீலிக்குப் போனது நினைவுக்கு வந்தது. குறிப்பேட்டைத் தேடி எடுத்துப் பார்த்தேன், எழுதியிருந்தேன். ஆக, மலையின் வயிற்றில் நீர் தடம் மாறியதை மூன்று துறைக்காரர்கள் வழியாகக் கேட்டோ கண்டோ இருந்தவள் நான் ஒருத்தி. அது வேண்டியிருந்த ஒரே ஆளிடம்தான் சொல்லவில்லை.

உட்கார முடியவில்லை. தேநீர் போட்டு ஆறவிட்டேன். வெளியே போனேன், திரும்பி வந்தேன். விரிவுரையாளரின் தொலைபேசி எடுபடவில்லை. அவர் வெளிநாட்டில் ஒரு மாநாட்டில் இருந்தார். விட்டதை முழுவதும் எழுதிச் செய்தி அனுப்பினேன். மறுநாள் பதில் வந்தது. குற்றஞ்சாட்டும் சொல் ஒன்றும் அதில் இல்லை; கேள்வி மட்டுமே இருந்தது. ஊற்று மாறியது எப்போது? வெடிப்பைக் கண்டதற்கு முன்பா, பின்பா?

அந்த ஒலிப்பதிவையும் குறிப்புகளையும் விரிவுரையாளருக்குத் தர முடியுமா என்று நாட்டார் வழக்கு ஆய்வாளரிடம் கேட்டேன். அவர் மஸ்கெலியாவில் பிறந்தவர். கலாநிதிப் பட்டத்துக்காக எழுதிக்கொண்டிருந்தார். கரகம் பாலிக்கும் இடம் மாறியதற்கு, அந்தத் தோட்டத்தின் மேல் லயத்தாருக்கும் கீழ் லயத்தாருக்கும் கோயில் உரிமையில் இருந்த பிணக்கே காரணம் என்று ஓர் அத்தியாயம் எழுதி முடித்திருந்தார்.

"நம்ம ஆய்வுக்குன்னு சொல்லித்தான் அவங்ககிட்டப் பேச்ச வாங்கினேன் டீச்சர். வேற ஆளுக்குக் குடுக்க மாட்டேன்னு கையெழுத்தே போட்டிருக்கேன். அவங்க சரின்னு சொன்னா நாளைக்கே கொண்டாந்து தர்றேன்" என்றார்.

அவர் சொன்னது நியாயம். அந்த நியாயம் பொறுக்க முடியாததாக இருந்தது. வெளியே மழை பிடித்திருந்தது. அடுத்த நாள் காலைப் பேருந்தில் ஏறினேன்.

ஐந்தாம் வீட்டுப் பெண் அன்று வேலைக்குப் போகவில்லை. கொழுந்துக் கூடையின் கயிற்றை மாற்றிக்கொண்டிருந்தார். வந்த காரணத்தைச் சொன்னேன்.

"நாந்தான் அன்னைக்கே அந்தச் சிங்கள நோனாகிட்டச் சொன்னேனே?"

"நீங்க சொன்னீங்க. நான் சொல்லல."

கயிற்றை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். "ஏன் டீச்சர்?"

"கோயில் சம்பந்தப்பட்ட பேச்சுன்னு நெனச்சிட்டேன்."

"அவங்க தண்ணியக் கேட்டாங்க. நான் தண்ணியத்தானே சொன்னேன்?" என்றார். கயிற்றை மறுபடி கையிலெடுத்து, "படிச்சவங்கல்லாம் ஆளுக்கொரு பொட்டி வச்சிருப்பீங்களாக்கும், இது இதுக்குன்னு" என்றார். சிரிக்கவில்லை.

அனுமதி உடனே கிடைக்கவில்லை. பக்கத்துத் தோட்டமொன்றில், மலை சரியும் என்று எழுப்பப்பட்டவர்கள் இன்னும் தகரக் கொட்டகையில் இருக்கிறார்கள். அதை அவர்தாம் எனக்கு நினைவூட்டினார். "நாங்க சொல்லப் போயி எங்கள எழுப்பிட்டா? எங்க கொண்டுபோயிப் போடுவாங்க? புள்ளைங்க பள்ளிக்கூடம் இங்க இருக்கு." பேச்சைக் கேட்டு லயத்துக்காரர்கள் வாசலில் கூடிவிட்டார்கள். கோயில் கமிட்டித் தலைவர், அம்மன் இறங்கிய செய்தியை வெளியாரிடம் பாறைக் கதையாக ஆக்குவது தகாது என்றார். மூன்றாம் வீட்டுக்காரர் குறுக்கிட்டார். "தலைவரே, அம்மா எறங்கிட்டா. நாம ஏன் இன்னும் மேலயே இருக்கோம்னு அவ கேக்க மாட்டாளா?" சிரிப்பு எழுந்தது. தலைவர்கூட வாயைத் துண்டால் மறைத்துக்கொண்டார். அதற்குப் பிறகும் ஒரு மணி நேரம் பேசினார்கள்.

முடிவில் அந்தப் பெண் என்னிடம் வந்தார். "அந்தத் தம்பியப் பேச்சக் குடுக்கச் சொல்லுங்க டீச்சர். ஆனா இந்த வாட்டி முழுசா சொல்லணும். அம்மா எறங்கினதையும் சேத்துச் சொல்லுங்க. எது வேணும் எது வேணாம்னு அவங்களே பாத்துக்கட்டும்."

விரிவுரையாளர் நாடு திரும்பிய வாரத்திலேயே வந்தார். நாட்டார் வழக்கு ஆய்வாளரும் வந்தார். கீழ் ஊற்றங்கரையில் கற்களின்மேல் உட்கார்ந்து பேசினோம். அங்கே யாரும் ஆண்டைக் கணக்காக நினைவில் வைத்திருக்கவில்லை. ஆனால் எந்தத் திருவிழாவில் யார் கரகம் தூக்கினார் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அந்த வரிசை ஆய்வாளரின் குறிப்பேட்டில் தவறாமல் இருந்தது. சடங்கின் மாற்றத்தைக் காட்டுவதற்காக எழுதி வைத்தது. இப்போது அது ஒரு மலையின் காலக்குறிப்பாகப் பயன்பட்டது. கடைசியாக மேற்பீலியில் கரகம் தூக்கியவர் இன்னார்; அதற்கடுத்த திருவிழாவுக்குள் மேற்பீலி வற்றிவிட்டது; வெடிப்பைக் கண்டதோ, அதற்கும் அடுத்த ஆண்டு, தேயிலைச் செடிகளைக் குட்டையாகக் கவ்வாத்து வெட்டியபோது. ஆக, நீர் மாறியது முதலில். வெடிப்பு கண்ணில் பட்டது பின்னர்.

விரிவுரையாளர் வெகுநேரம் எழுதினார். இம்முறை இரு பக்கமும் ஒரு சொல்லும் குறையாமல் பெயர்த்தேன், களைப்பாக இருந்தது. அவர் சொன்னதன் சாரம் இது. நீர் தடம் மாறுவதும் கலங்கலாக வருவதும் நல்ல அடையாளங்கள் அல்ல; ஆயினும் அவற்றை மட்டும் கொண்டு சரியும் என்று தாம் எழுத முடியாது. கவ்வாத்துக்கு முன் செடி அடர்ந்திருந்ததால், வெடிப்பு இன்னும் பழையதாகவும் இருக்கலாம். அதனால் முன்பின் வரிசையைக்கூட அறுதியாகச் சொல்வதற்கில்லை. அவருடைய தயக்கம் எனக்கு முதலில் எரிச்சலூட்டியது. தெரியாததைத் தெரியாது என்று சொல்ல அவர் துறை அவருக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறது என்பது பிறகுதான் உறைத்தது.

"என்னோட மூணாவது அத்தியாயம் பீலித் தண்ணியோட போயிருச்சு டீச்சர்" என்றார் நாட்டார் வழக்கு ஆய்வாளர். ஐந்தாம் வீட்டுப் பெண் அதைக் கேட்டு, "போகல தம்பி. சண்டையும் இருந்திச்சு. தண்ணி வத்தினதுனாலதான் சண்டை வந்திச்சோ என்னவோ, எழுதுறதுன்னா ரெண்டையும் எழுதுங்க" என்றார்.

வெடிப்பின் இருகரையிலும் ஆறு முளைகள் அடிக்கப்பட்டன. ஒவ்வொரு பெருமழைக்குப் பின்னும் இடைவெளியை அளந்து அனுப்பும் பொறுப்பை ஐந்தாம் வீட்டுப் பெண்ணே ஏற்றார். விடாமழை பிடித்தால் எல்லோரும் கோயில் மண்டபத்துக்குப் போய்விட வேண்டும் என்று விரிவுரையாளர் சொன்னார். அந்த மழைக்காலத்தில் இருமுறை போனார்கள். இருமுறையும் திரும்பி வந்தார்கள். இரண்டாம் முறை நான் ஐந்தாம் வீட்டுப் பெண்ணிடம் தொலைபேசியில் விசாரித்தபோது, "இப்ப நாங்களும் ரிசேர்ச்சுக்காரங்கதான் டீச்சர். மழையில நனைஞ்சிக்கிட்டு டேப்புப் புடிச்சிட்டு நிக்கிறோம்" என்றார்.

அவர் அனுப்பிய அளவுகள் என் குறிப்பேட்டில் உள்ளன. இரண்டு முளைகளுக்கிடையே சிறிது கூடியிருக்கிறது. மற்றவை அப்படியே இருக்கின்றன. கூடியது மண் நகர்ந்ததாலா, முளை சாய்ந்ததாலா என்பது தெரியாது. விரிவுரையாளரின் அறிக்கை உரிய அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அதன்மேல் என்ன முடிவு எடுக்கப்பட்டது என்பது லயத்தாருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. மூன்று வாரம் முன்னரே அந்தப் பாதி விடை போய்ச் சேர்ந்திருந்தால் எதுவும் மாறியிருக்குமா என்று விரிவுரையாளரிடமே கேட்டேன். சொல்ல முடியாது என்றார். பன்னிரண்டு குடும்பங்களும் இன்று வரை அதே லயத்தில் இருக்கின்றன. அவர்கள் அங்கே இருக்கலாமா என்பது இன்னும் தெரியவில்லை.