செவ்வாய்க்காரனைப் பாரீஸுக்கு அனுப்பினோம்

அப்போது நெல்லித்தோப்பில் கல்யாண வீடியோக்களை எடிட் செய்துகொண்டிருந்தேன். பிரெஞ்சுப் படையில் இருந்து ஓய்வு பெற்ற நம்மூர்ப் பெரியவர் ஒருவர், எல்லாரும் மரியாதையாக முசியே என்று கூப்பிடுபவர், ஒருநாள் டேப்போடு கடைக்கு வந்தார். செவ்வாய்க் கிரகத்து மனிதன் மதராஸில் வந்து இறங்கும் பழைய கறுப்பு வெள்ளைப் படம். ஒரு காலத்தில் சக்கைப்போடு போட்டது. அதன் வெளிநாட்டு உரிமை இப்போது அவரிடம். பாரீஸில் திரையிட வேண்டுமாம்.

“வெள்ளைக்காரனுக்குப் பாட்டு ஆவாது. எல்லாத்தையும் தூக்கிடு.”

தூக்கினேன். பாட்டோடு ராக்கெட்டும் போய்விட்டது. அது வந்து இறங்குவதே ஒரு பாட்டின் நடுவில்தான். மிஞ்சிய படத்தில், தலைக்கவசம் போட்ட ஒருவன் யார் வீட்டுக் கூடத்திலோ காரணமில்லாமல் நின்றுகொண்டிருந்தான்.

“இவன் எப்படிய்யா வந்தான்?” என்றார் முசியே.

“பாட்டுல வந்தான்.”

“அப்போ வர்றத நாமளே எடுத்துடலாம்.”

கனகசெட்டிக்குளம் கடற்கரையில் எடுத்தோம். ஸ்கூட்டர் ஹெல்மெட்டில் ஜிகினாத் தாளை ஒட்டி அவரே மாட்டிக்கொண்டார். பழைய கதாநாயகன் ஒல்லி. இவருக்கு நல்ல தொப்பை. “வானத்துல இருந்து வர்றப்ப உடம்பு ஊதும்” என்று சமாதானம் சொன்னார். வலை உலர்த்திக்கொண்டிருந்தவர்கள் எந்தக் கட்சி என்று விசாரித்தார்கள்.

காட்சி முடிந்தது. ஹெல்மெட்தான் கழலவில்லை. என் வண்டியில் பின்னால் ஏற்றிக்கொண்டு மெக்கானிக்கிடம் விரைந்தேன். சிக்னலில் போலீஸ்காரர் மறித்தார். ஜிகினாவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

“பின்னாடி குந்திருக்கிற பெரியவரே போட்டிருக்காரு. ஓட்டுற நீ ஏன் போடல?”

உள்ளேயிருந்து முசியே பிரெஞ்சில் ஏதோ கத்தினார். போலீஸ்காரர் சல்யூட் அடித்து வழிவிட்டார். ஹெல்மெட்டை ரம்பத்தால் அறுத்துத்தான் எடுக்க முடிந்தது.

பாரீஸில் இருந்து அவர் போன் செய்தார். அரங்கம் முழுக்க நம்மூர்க்காரர்களாம். பாட்டு வரவேண்டிய இடத்தில் வராததும், எழுந்து நின்று அவர்களே பாடினார்களாம். பாடி முடிக்கும்வரை படத்தை நிறுத்திவைக்க வேண்டியதாயிற்று. வந்திருந்த இரண்டு வெள்ளைக்காரர்களுக்கும் அதுதான் பிடித்ததாம்.

“பாட்டெல்லாம் திரும்பப் போட்டுடுப்பா.”

“நீங்க நடிச்சதை எடுத்துடட்டுமா, முசியே?”



“அது இருக்கட்டும். நல்லா இருந்துச்சின்னாங்க.”

அதனால் அந்தப் பிரதியில் செவ்வாய்க்காரன் இரண்டு முறை பூமிக்கு வருகிறான். முதலில் குண்டாக, கடற்கரையில். அடுத்த பாட்டிலேயே ஒல்லியாக, ராக்கெட்டில்.